விமானத்தில் ஃபர்ஸ்ட் கிளாஸ், பிசினஸ் கிளாஸ்: கூடுதல் காசு தகுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஓசூர் தொழிற்சாலையிலிருந்து ஜெர்மனிக்குப் போகிற பொறியாளர், கிரானைட் கண்காட்சிக்கு இத்தாலியின் வெரோனா போகிறவர், மாங்கூழ் ஏற்றுமதிக்காக துபாய்க்கும் ஜெர்மனியின் கொலோனுக்கும் போய்வருகிறவர், பிள்ளை வீட்டுக்கு அமெரிக்கா கிளம்புகிற அப்பா அம்மா. நம் இரண்டு மாவட்டத்திலும் வெளிநாடு பறக்கிறவர்கள் பெரும்பாலும் பெங்களூர் தேவனஹள்ளி விமான நிலையத்தில்தான் ஏறுகிறார்கள். டிக்கெட் போடும் முன் அவர்கள் கேட்பதும் ஏறத்தாழ இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே வைத்திருக்கிறோம். இதில் வரும் டிக்கெட் தொகைகள் கணக்குக் காட்டுவதற்காக மட்டுமே. விலை நாளுக்கு ஒன்றாக மாறும்.

ஃபர்ஸ்ட் கிளாஸ், பிசினஸ் கிளாஸ் ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. நீண்டதூர விமானத்தில் நான்கு வகுப்புகள் இருக்கலாம்: எகானமி, பிரீமியம் எகானமி, பிசினஸ், ஃபர்ஸ்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ் வைத்திருக்கும் நிறுவனங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா, ஸ்விஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ் போன்றவை வைத்திருக்கின்றன; அவற்றிலும் எல்லா விமானத்திலும் இருக்காது. "ஃபர்ஸ்ட் கிளாஸ் எவ்வளவு?" என்று நம்மிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது பிசினஸைத்தான்.

அமெரிக்காவுக்குள் பறக்கும் விமானத்தில் "ஃபர்ஸ்ட்" என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் முன்வரிசையில் உள்ள அகலமான சாய்வு நாற்காலி, அவ்வளவே. அதை நம்பிப் படுக்கை எதிர்பார்த்துப் போகக் கூடாது.

காசு கூடக் கொடுத்தா உண்மையில என்னதான் கிடைக்குது?

நீண்டதூர பிசினஸில் கிடைப்பது படுக்கை. இருக்கை நீண்டு தட்டையாகி ஆறு, ஆறரை அடிக்குப் படுக்கலாம். எகானமியில் ஒரு இருக்கையின் முதுகிலிருந்து அடுத்த வரிசை இருக்கையின் முதுகு வரை 30 முதல் 32 அங்குலம், அகலம் 17 அல்லது 18 அங்குலம். புஷ்பேக் பஸ்ஸுக்கும் ஸ்லீப்பர் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. கூடவே தனி செக்-இன் வரிசை, லவுஞ்ச் என்ற ஓய்வுக்கூடம், கூடுதல் லக்கேஜ், முதலில் இறங்குவது ஆகியவை வரும்.

கிடைக்காததையும் சொல்லிவிட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில்தான் போய்ச் சேருவார்கள். காற்று எல்லா வகுப்புக்கும் ஒன்றுதான். விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல வைக்கப்படும், ஈரப்பதம் மிகக் குறைவாக இருக்கும். தொண்டை வறள்வது, காது அடைப்பது, ஊர் நேரம் மாறி ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பது எல்லாம் முன்னால் உட்கார்ந்தவருக்கும் உண்டு. காற்றழுத்த விஷயத்தில் எந்த வகுப்பு என்பதைவிட எந்த விமானம் என்பது முக்கியம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் அந்த அளவு 6,000 அடியை ஒட்டி இருக்கும். பழைய விமானங்களில் 8,000 வரை போகும்.

எத்தனை மடங்கு விலை வரும்? வரியும் கூடவா?

பொதுவாக பிரீமியம் எகானமி, எகானமியைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பிசினஸ் மூன்று முதல் ஐந்து மடங்கு. ஃபர்ஸ்ட், பிசினஸைவிட இன்னும் ஒன்றரை, இரண்டு மடங்கு, சில தடங்களில் அதற்கும் மேலே.

வரியும் கூடத்தான். எகானமிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். மற்ற மூன்று வகுப்புக்கும் 12 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பிரீமியம் எகானமியும் இந்த 18க்குள்தான் வருகிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. வரிக்கு முந்தைய விலை எகானமியில் 60,000 ரூபாய் என்றால் ஜிஎஸ்டி 3,000. பிசினஸில் 2,00,000 என்றால் 36,000. தளங்களில் விலையை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்து மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

சரி, தகுமா தகாதான்னு எப்படிக் கணக்குப் போடறது?

வாங்குவது படுக்கை என்றால், அதில் எத்தனை மணி நேரம் தூங்க முடியும் என்பதுதான் கணக்கு. பெங்களூரிலிருந்து பிராங்பர்ட் சுமார் 10 மணி நேரம். மேலே ஏறுவது, சாப்பாடு, இறங்கும் முன் விளக்குப் போட்டு எழுப்புவது என்று 3 மணி நேரம் போய்விடும். மீதி 7. ஐரோப்பாவுக்குப் போகும் விமானங்கள் பல நடுராத்திரிக்கு மேல் கிளம்பி அங்கே காலையில் இறங்கும். வரும்போது பல விமானங்கள் பகலில் கிளம்பி இங்கே நடுராத்திரி வாக்கில் இறங்கும். அப்படிப் பார்த்தால் போகவர டிக்கெட்டில் உண்மையான தூக்கம் ஒரு பக்கம்தான்.

எகானமி போகவர 75,000, பிசினஸ் 2,75,000 என்று வைப்போம். வித்தியாசம் 2,00,000. அதை 7ஆல் வகுத்தால் தூங்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ 28,500 ரூபாய். இறங்கிய அன்றே காலை பத்து மணிக்கு இயந்திரக் கொள்முதல் பேச்சு, அதில் தவறினால் லட்சக்கணக்கில் போகும் என்றால் இதற்கு அர்த்தம் இருக்கிறது. இறங்கி மகள் வீட்டில் படுத்துத் தூங்கப் போகிறவருக்கு இல்லை. கம்பெனி பணம் கொடுத்தால் இந்தக் கேள்வியே வேண்டாம், ஏறிப் படுங்கள்.

துபாய், சிங்கப்பூர் போறதுக்கு பிசினஸ் எடுக்கலாமா?

சொந்தக் காசில் வேண்டாம். பெங்களூரிலிருந்து துபாய் 4 மணி நேரம், சிங்கப்பூர் நாலரை. மேலே சொன்ன 3 மணி நேரத்தைக் கழித்தால் ஒரு குட்டித் தூக்கம்தான் மிச்சம். துபாய் வழியாக அமெரிக்கா போகிறவர்கள் முடிந்தால் பயணத்தின் முதல் துண்டை (பெங்களூர்–துபாய்) எகானமியிலும் நீண்ட துண்டை மட்டும் பிசினஸிலும் கேட்டுப் பார்க்கலாம்.

டெல்லி, மும்பைன்னு உள்நாட்டுக்குள்ள போனா?

உள்நாட்டில் ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பதே கிடையாது. ஏர் இந்தியாவின் புது அமைப்பு ஏ320நியோவில் பிசினஸ் 8, பிரீமியம் எகானமி 24, எகானமி 132 இருக்கைகள். இண்டிகோ 2024 நவம்பரில் டெல்லி–மும்பை தடத்தில் ஸ்ட்ரெச் என்ற பெயரில் பிசினஸ் வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. இரண்டுமே சாய்வு நாற்காலிதான், படுக்கை அல்ல. இரண்டரை மணி நேரத்துக்கு அது போதும், ஆனால் அந்தக் காசு தகாது. கால் நீளமானவர்கள் எகானமியிலேயே கூடுதல் கால்இட வரிசையைக் காசு கட்டி எடுத்தால் முடிந்தது.

தருமபுரிக்காரர்களுக்குப் பக்கமான சேலம் விமான நிலையத்தில், அதாவது ஓமலூர் காமலாபுரத்தில், இந்தக் குழப்பமே இல்லை. அங்கே இண்டிகோ ஓட்டுவது ஏடிஆர் 72 என்ற சிறு விமானம்; 78 இருக்கையும் எகானமி.

கிருஷ்ணகிரியிலிருந்து ஏர்போர்ட் போறதே பாதி பயணம். அந்தக் களைப்புக்கு பிசினஸ் எடுத்தா சரியாகுமா?

களைப்பு அங்கேதான் இருக்கிறது என்பது சரி. அதற்குக் காசு போட வேண்டிய இடமும் அதுவேதான், விமானம் இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து தேவனஹள்ளி ஏறத்தாழ 130 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 170ஐ ஒட்டி வரும். ஓசூர் வரை வண்டி ஒழுங்காகப் போகும். அத்திப்பள்ளி டோலில் தொடங்கி சில்க் போர்டு, ஹெப்பால் வரைதான் எல்லாம் நிற்கும். அதிகாலை 3 மணி விமானத்துக்கு நடுராத்திரி 12க்கு உள்ளே இருக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து இரவு 8க்குக் கிளம்பினால் பெங்களூர் மாலை நெரிசல் அடங்கும் நேரத்தில் நகரத்துக்குள் நுழையலாம். ஞாயிறு மாலையும் பண்டிகை விடுமுறை முடிகிற நாளும் ஊர் போய்த் திரும்புகிறவர்களால் அத்திப்பள்ளி அடைத்துக்கொள்ளும், அன்று ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பகல் விமானத்துக்கு நகரத்தைத் தொடாமல் அத்திப்பள்ளி–சர்ஜாபுரம்–ஹொஸ்கோட்டை–தேவனஹள்ளி அல்லது ஓசூர்–பாகலூர்–மாலூர்–ஹொஸ்கோட்டை என்று சுற்றுவது தூரம் கூடினாலும் நேரத்தை உறுதியாக்கும். ராத்திரியில் அந்த ஒற்றைச் சாலைகள் வேண்டாம்.

காலை 6, 7 மணி விமானம் என்றால் முந்தின நாள் சாயங்காலமே போய் தேவனஹள்ளி, எலகங்கா பக்கம் ஒரு விடுதியில் படுப்பது, பிசினஸ் கொடுக்கும் தூக்கத்தைவிடப் பல மடங்கு மலிவான தூக்கம். திரும்பி வரும்போது நடுராத்திரி 2 மணிக்கு இறங்கினால், வந்த டிரைவர் பகலெல்லாம் வேறு சவாரி ஓட்டியவரா என்று கேளுங்கள். அப்படியானால் விடியும் வரை இருந்துவிட்டுக் கிளம்புவதே நல்லது. வாடகை பேசும்போது டோல், கர்நாடக பெர்மிட், பார்க்கிங், காத்திருப்பு எல்லாம் சேர்த்தா என்று முன்பே முடித்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் பிசினஸ், ஃபர்ஸ்ட் பயணிக்குக் கார் அனுப்பும். அதற்கும் கிலோமீட்டர் வரம்பு இருக்கும், கிருஷ்ணகிரி வரை வரும் என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்பா அம்மா முதல் தடவையா அமெரிக்கா வர்றாங்க. இங்கிலீஷ் வராது, நடக்கவும் கஷ்டம். பிசினஸ் போட்டாதான் பார்த்துப்பாங்களா?

இந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் பலர் லட்சங்களைக் கட்டுகிறார்கள். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வீல்சேர் உதவி எல்லா வகுப்புக்கும் இலவசம். டிக்கெட் போடும்போதே கேளுங்கள். குறைந்தது 48 மணி நேரம் முன் பதிவில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். செக்-இன் கவுண்டரிலிருந்து பாதுகாப்புச் சோதனை, இமிகிரேஷன், விமான வாசல் வரை ஆள் தள்ளிப் போவார். மாறும் ஊரிலும், இறங்கும் ஊரிலும் அதேபோல ஆள் வருவார். வழி தவறும் பயம் இதிலேயே தீர்ந்துவிடும். அமெரிக்க இமிகிரேஷனில் அதிகாரி கேட்கும் கேள்விக்கு, மகனின் முகவரி, போன் நம்பர், எத்தனை நாள் தங்கல், திரும்பும் டிக்கெட் ஆகியவற்றை ஒரே தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். எந்த வகுப்பில் வந்தாலும் அந்த வரிசை ஒன்றுதான்.

தவறு நடப்பது பெரும்பாலும் மாறும் ஊரில். ஒன்றரை மணி நேர இடைவெளியில் வீல்சேர் ஆள் வரத் தாமதமானால் அடுத்த விமானம் போய்விடும். இடைவெளி 3 மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் போடுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும், அப்போதுதான் தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றுவது நிறுவனத்தின் பொறுப்பு.

அப்பாவுக்கு முழங்கால் வலி. படுக்கை வேண்டாம், பிரீமியம் எகானமி போதுமா?

பல பேருக்குப் போதும். வரிசை இடைவெளி 38 அங்குலம் வாக்கில், எமிரேட்ஸில் 40. காலைத் தாங்கும் பலகையும் உண்டு. எழுபதைத் தாண்டியவர், முதுகுத்தண்டு அறுவை செய்தவர், 10 மணி நேரத்துக்கு மேல் ஒரே துண்டாகப் பறக்கிறவர் என்றால் படுக்கைதான் சரி. எங்கள் பார்வையில் சொந்தக் காசில் பிசினஸ் எடுக்க முதல் உரிமை இவர்களுக்குத்தான்.

எகானமியிலேயே சமாளிப்பதானால் நடைபாதை ஓரம் எடுங்கள். தடுப்புச் சுவருக்கு எதிர் வரிசையில் முழங்கால் இடிக்காது, ஆனால் மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியைத் தூக்க முடியாது. குழந்தைத் தொட்டில் மாட்டுவதும் அங்கேதான், அழுகைச் சத்தம் இருக்கும். அவசரவழி வரிசை நல்ல இடம்தான், ஆனால் நடக்கச் சிரமப்படுகிறவரையும் குழந்தையையும் அங்கே உட்கார வைக்க மாட்டார்கள். தெரியாமல் காசு கட்டி எடுத்தாலும் விமானத்தில் மாற்றிவிடுவார்கள்.

எகானமில உட்கார்ந்தே போனா காலில் ரத்தம் கட்டிக்கும்னு சொல்றாங்களே?

4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. நலமாக இருப்பவருக்கு அந்த இரண்டு மடங்கும் சுமார் 6,000 பேரில் ஒருவர்தான். காரணம் அசையாமை. பிசினஸில் நகராமல் கிடந்தாலும், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அதேதான்.

ஒன்றரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தண்ணீர் குடிப்பது போதும். முன்பு ரத்தக்கட்டு வந்தவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், சமீபத்தில் அறுவை செய்தவர், கர்ப்பிணி ஆகியோர் டாக்டரைக் கேட்காமல் கிளம்பக் கூடாது. இறுக்கக் காலுறையும் அவர் சொன்ன அளவில்தான்.

கைக்குழந்தையோட போறோம், பிசினஸ் நல்லதா?

வெளிநாட்டு டிக்கெட்டில் 2 வயதுக்குள் மடியில் வைத்துப் போகும் குழந்தைக்குப் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம் வாங்குவது வழக்கம். அது நீங்கள் எடுக்கும் வகுப்பின் 10 சதவீதம். எகானமியில் தடுப்புச் சுவர் வரிசைத் தொட்டில் இலவசம். முன்பே கேட்டு எடை வரம்பு பார்த்துக்கொள்ளுங்கள், 10 கிலோ வாக்கில் இருக்கும்.

போறப்ப மட்டும் பிசினஸ், வர்றப்ப எகானமின்னு போட முடியுமா?

முடியும். கணக்குக் கேள்விக்கான பதிலில் சொன்ன காரணத்துக்காக அதுவே பலருக்கு நல்ல வழி. தளத்தில் "மல்டி சிட்டி" தேர்வில் ஒவ்வொரு துண்டுக்கும் வகுப்பை மாற்றிப் பாருங்கள், இல்லையென்றால் நிறுவனத்துக்கே போன் செய்து கலந்த வகுப்பு டிக்கெட் கேளுங்கள். தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக வாங்கினால் சில நிறுவனங்களில் ஒருவழி விலை போகவர விலையில் பாதியைவிட அதிகமாக இருக்கும். அந்த உதாரணத்தில் போகும் வழிக்கு மட்டும் வித்தியாசம் 1,10,000 என்று கிடைத்தால் தூக்கத்தின் விலை மணிக்கு 28,500லிருந்து 15,700க்கு இறங்கும்.

பிசினஸ்னு காசு வாங்கிட்டு பிராங்பர்ட்டிலிருந்து வெரோனாவுக்கு சாதா சீட்டுல உட்கார வெச்சுட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?

ஏமாற்று இல்லை. ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களில் பிசினஸ் என்பது பெரும்பாலும் அதே எகானமி இருக்கைதான். மூன்றில் நடு இருக்கையைக் காலியாக விட்டு, முன்னால் திரை போட்டு, சாப்பாடு கொடுப்பார்கள். செப்டம்பரில் வெரோனாவில் நடக்கும் கல் கண்காட்சி மார்மோமாக்குக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு முறையும் இதைக் கேட்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத் துண்டை எகானமியில் போட்டால் விலை குறைகிறதா என்று பாருங்கள். சில சமயம் குறையவே குறையாது, அப்போது விட்டுவிடலாம்.

உள்ளே படுக்கையா, சாய்வு நாற்காலியான்னு வாங்கறதுக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுக்கறது?

டிக்கெட் விவரத்தில் விமானத்தின் வகை இருக்கும். ஏ320, 737 என்றால் ஒற்றை நடைபாதை. பெரும்பாலும் சாய்வு நாற்காலி. 777, 787, ஏ350, ஏ380 என்றால் படுக்கை இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து இருக்கை வரைபடத்தில் பிசினஸ் வரிசையை எண்ணுங்கள். 1-2-1 (ஒரு ஜன்னல் பக்கம் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஜன்னல் பக்கம் ஒன்று) என்றால் எல்லோருக்கும் நேராக நடைபாதை. 2-2-2 என்றால் ஜன்னல்காரர் பக்கத்துக்காரரைத் தாண்ட வேண்டும். எமிரேட்ஸின் பழைய 777களில் 2-3-2 கூட உண்டு. பிசினஸ் விலை கொடுத்து நடு இருக்கையில் மாட்டுவது அங்கேதான். கூகுள் ஃபிளைட்ஸ் தேடலில் தட்டைப் படுக்கையா என்றும், எகானமியில் கால்இடம் எத்தனை அங்குலம் என்றும் எழுதியிருக்கும். ஏரோலோபா தளத்தில் ஜன்னல் இல்லாத வரிசை, கழிப்பறை ஒட்டிய வரிசை எல்லாம் அளவோடு தெரியும்.

கடைசி நேரத்தில் விமானம் மாறலாம். கிளம்புவதற்கு 3 நாள் முன் ஒருமுறை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். இன்னொன்று, மலிவான பிசினஸ் டிக்கெட்டுகளில் லவுஞ்ச், இருக்கைத் தேர்வு, பணம் திரும்பும் வசதி இல்லாமலும் விற்கிறார்கள். விலைக்குக் கீழே உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள்.

மாம்பழம், ஊறுகாய், பலகாரம்னு லக்கேஜ் நிறைய. அதுக்காக பிசினஸ் எடுக்கலாமா?

வேண்டாம். அமெரிக்கத் தடங்களில் எகானமியில் பல டிக்கெட்டுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி, பிசினஸில் 32 கிலோவில் இரண்டு. வித்தியாசம் 18 கிலோ. கூடுதல் பெட்டிக்கு முன்கூட்டியே ஆன்லைனில் கட்டுவது வகுப்பு வித்தியாசத்தில் ஒரு துண்டுதான்; கவுண்டரில் கட்டினால் அதைவிடக் கூடும். எமிரேட்ஸில் அமெரிக்கா அல்லாத பல தடங்களில் பிசினஸுக்கு 40, ஃபர்ஸ்டுக்கு 50 கிலோ. எகானமியில் டிக்கெட் வகையைப் பொறுத்து 20 முதல் 35. எந்த வகுப்பானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது.

நம் ஊர் மாம்பழத்தை அமெரிக்காவுக்குக் கையில் கொண்டுபோக அனுமதி கிடையாது. 2007 முதல் அங்கே போகும் இந்திய மாம்பழம் கதிர்வீச்சு செய்யப்பட்ட வணிகச் சரக்கு மட்டுமே. தின்பண்டம் எதுவானாலும் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள், மறைத்தால்தான் அபராதம். ஊறுகாய் எண்ணெய்ப் பொருள் என்பதால் கைப்பையில் ஏறாது, பெட்டியில் வையுங்கள். கொப்பரைத் தேங்காய் தீப்பற்றும் பொருள் பட்டியலில் இருப்பதால் பெட்டியிலும் ஏறாது.

நாங்க சுத்த சைவம். முன்னாடி உட்கார்ந்தா நல்ல சாப்பாடு கிடைக்குமா?

எந்த வகுப்பானாலும் பதிவில் சொன்னால்தான் உறுதி. இந்திய சைவச் சாப்பாட்டுக்கு ஏவிஎம்எல், ஜைன உணவுக்கு விஜேஎம்எல், பால்கூட இல்லாததற்கு விஜிஎம்எல் என்ற குறியீடு. 24 மணி நேரம் முன்பாக, சில நிறுவனங்களில் 48. பிசினஸிலும் இதை விட்டுவிட்டால் சில சமயம் கைக்கு வருவது பன்னும் சாலடும்தான். மேலே பறக்கும்போது நாக்கில் உப்பும் இனிப்பும் மங்கும், அதனால் எந்த வகுப்புச் சாப்பாடும் சப்பென்று இருக்கும்.

கவுண்டர்ல நல்லா உடுத்திட்டுப் போய்க் கேட்டா இலவசமா அப்கிரேடு தருவாங்களாமே?

தர மாட்டார்கள். எகானமி நிரம்பி வழிந்தால் அந்த நிறுவனத்தில் அடிக்கடி பறக்கும் உறுப்பினரைத்தான் முதலில் முன்னால் தள்ளுவார்கள். நடைமுறையில் உள்ளது ஏலம். ஏர் இந்தியா, லுஃப்தான்சா, எதிஹாட் போன்றவை டிக்கெட் போட்ட பிறகு "எவ்வளவு தருவீர்கள்?" என்று மின்னஞ்சல் அனுப்பும். தொகை ஒரு ஆளுக்கு, ஒரு துண்டுக்கு என்று கேட்கப்படும். இருவர் போகவர என்றால் நான்கால் பெருக்கிப் பாருங்கள். ஏற்றால் மட்டும் காசு எடுப்பார்கள், பிறகு திரும்பாது. பல இடங்களில் லக்கேஜும், மைல் என்று நிறுவனம் தரும் பயணப் புள்ளியும் பழைய எகானமிக் கணக்கிலேயே இருக்கும். ராத்திரித் துண்டுக்கு மட்டும் ஏலம் கேளுங்கள், பகல் துண்டை விட்டுவிடுங்கள்.

கிரெடிட் கார்டு பாயிண்டுல பிசினஸ் போகலாம்ங்கறாங்க, நிஜமா?

நிஜம். நிறைய பேர் முன்னால் உட்காருவது அப்படித்தான். பாயிண்டைக் கழித்த பிறகும் வரியும் எரிபொருள் கட்டணமும் கையிலிருந்து போகும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் இந்தத் தொகை கனமாக வரும். கார்டிலிருந்து விமான நிறுவனத்துக்கு மாற்றிய பாயிண்ட் திரும்பி வராது என்பதால், தேதியில் இடம் திறந்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல் 3 வருடத்தில் காலாவதி.

பாயிண்டுக்காகவே தேவையில்லாமல் செலவு செய்தால் அது லாபம் இல்லை, சொல்லத் தேவையில்லை.

ஏஜெண்ட் ஒருத்தர் பாதி விலைக்கு பிசினஸ் தர்றேங்கறார். வாங்கலாமா?

முதலில் 13 இலக்க டிக்கெட் எண் கேளுங்கள். முதல் மூன்று எண் நிறுவனத்துடையது: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, லுஃப்தான்சா 220, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. பிஎன்ஆர் மட்டும் கொடுத்தால் அது பிடித்துவைத்த இடம்தான், டிக்கெட் இல்லை. காசு கட்டாவிட்டால் தானாக ரத்தாகும். பிறகு நிறுவனத்தின் தளத்திலேயே பிஎன்ஆர் போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் வகுப்பு என்ன என்று பாருங்கள். டிக்கெட்டில் உள்ள வகுப்பு எழுத்தும் உதவும்: ஜே, சி, டி பெரும்பாலும் பிசினஸ், ஒய் எகானமி. நீண்ட துண்டு எகானமியாகவும் குட்டித் துண்டு பிசினஸாகவும் இருக்கும் டிக்கெட்டை "பிசினஸ்" என்று விற்பது நடக்கிறது.

நம்ப முடியாத விலை என்றால் அது வேறு யாரோ ஒருவரின் மைலில் போட்ட டிக்கெட்டாக இருக்கலாம். மைலை விற்பது நிறுவன விதிக்கு எதிரானது. கண்டுபிடித்தால் டிக்கெட்டை ரத்துசெய்வார்கள், சில சமயம் திரும்பி வரும் வழியில்.

பிசினஸுக்குக் காசு கட்டியும் இடமில்லைன்னு எகானமிக்கு இறக்கிட்டா என்ன பண்றது?

2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள டிஜிசிஏ (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி இதற்கு இருக்கிறது. உள்நாட்டுத் தடத்தில் அந்த டிக்கெட் விலையில் வரியோடு சேர்த்து 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். வெளிநாட்டுத் தடத்தில் 1,500 கிலோமீட்டர் வரை 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேல் 75. கவுண்டரில் வவுச்சர் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். இறக்கிய காரணத்தை எழுத்தில் வாங்கி, பழைய போர்டிங் பாஸ், புதியது இரண்டையும் வைத்திருங்கள். நிறுவனம் தரவில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போடலாம்.

கம்பெனி பேர்ல எடுத்தா அந்த 18 சதவீதம் திரும்பக் கிடைக்குமா?

தொழில் பயணத்துக்கு உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு டிக்கெட் போடும்போதே கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணும் பெயரும் ஏற வேண்டும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு. கண்காட்சிக்கு நீங்கள் போனால் சரி, கூட வரும் குடும்பத்தின் டிக்கெட்டுக்கு எடுக்கக் கூடாது. ஆடிட்டருக்குப் போக வேண்டியது நிறுவனத்தின் ஜிஎஸ்டி இன்வாய்ஸ். மின்டிக்கெட் நகல் போதாது.

தனி வரிசையில சீக்கிரம் போகலாமே, அதுக்காகவாவது?

செக்-இன்னிலும் சோதனையிலும் நேரம் மிச்சமாகும். இமிகிரேஷனுக்கு வேறு வழி இருக்கிறது. எஃப்டிஐ-டிடிபி என்ற விரைவு இமிகிரேஷன் திட்டம் 2025 ஜனவரி முதல் பெங்களூரிலும் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்காரர் ஆன்லைனில் பதிந்து, கைரேகையும் முகமும் கொடுத்துவிட்டால் தானியங்கி வாசல் வழியே போகலாம். கட்டணம் இல்லை, எகானமிக்கும் செல்லும்.

பிசினஸ் வரைக்கும் புரியுது. அதுக்கும் மேல ஃபர்ஸ்ட் கிளாஸ் யாருக்குத்தான் தகும்?

தூக்கத்தைக் கணக்குப் பார்த்தால் யாருக்கும் தகாது. பிசினஸிலேயே தட்டைப் படுக்கை வந்துவிட்டது; ஃபர்ஸ்டில் அது அகலமாகிறது, கதவு போட்ட அறையாகிறது. மிச்சமெல்லாம் உபசாரம். எமிரேட்ஸ் ஏ380இல் ஃபர்ஸ்ட் பயணிகள் குளிக்கலாம், ஆளுக்கு 5 நிமிடத் தண்ணீர். 2022 அக்டோபரில் அந்த விமானம் பெங்களூருக்கும் வரத் தொடங்கியது, ஆனால் துபாய் வரை 4 மணி நேரத்தில் குளித்து என்ன ஆகப் போகிறது? லுஃப்தான்சா பிராங்பர்ட்டில் ஃபர்ஸ்ட் பயணிகளுக்கென்றே தனி முனையம் வைத்திருக்கிறது, அங்கிருந்து காரில் நேராக விமானத்தின் படிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். விலையில் பெரும்பங்கு இப்படிப்பட்டவற்றுக்கும் விலையுயர்ந்த ஷாம்பெயினுக்கும் கேவியர் என்ற மீன்முட்டைக்கும் போகிறது. குடிக்காத, சைவம் சாப்பிடுகிற ஒருவர் அதில் பாதியைத் தொடக்கூட மாட்டார்.

அனுபவத்துக்காக ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை தவறில்லை. அதைக் காசாகக் கட்டாமல் பாயிண்டில், 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும் தடத்தில், ஒரு வழிக்கு மட்டும் எடுங்கள். மாறும் ஊரில் 4 மணி நேரமாவது இடைவெளி வையுங்கள், இல்லாவிட்டால் லவுஞ்சை எட்டிப் பார்க்கவே நேரம் இருக்காது.